கிழிந்த சத்தம்: கொடைக்கானல் மலையில் ஸ்டோனர் ராக்

கொடைக்கானலில் ஒரு காலத்தில் ராக் வாசித்துக்கொண்டிருந்தோம் என்று மதுரையிலோ சென்னையிலோ யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்பவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடும். "ஓ, காளான் கோஷ்டியா?" என்பார். வட்டக்கானல், போதைக் காளான், இஸ்ரேல் பயணிகள், போலீஸ் ரெய்டு என்று பேப்பரில் படித்ததெல்லாம் அவர் மனசில் வரிசை கட்டி நிற்கும். வாசித்தது ஸ்டோனர் ராக் (கித்தாரின் சுருதியை இறக்கி, மெதுவாக, கனமாக வாசிக்கிற ராக்) என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது கதை. ஸ்டோனர் என்றால் கஞ்சா புகைக்கிறவன். பேரிலேயே புகை இருக்கிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்?

என் கட்சி வேறு. அந்த இசைக்காகப் புகைக்குப் போய்ச் சேர்ந்த பெருமையில் பெரும்பங்கு நியாயமாக மின்சாரத்துக்கும், மட்டமான சாமான்களுக்கும், வாசிக்க இடம் கிடைக்காததற்கும் போயிருக்க வேண்டும். இந்த இசை வளர்ந்த கலிஃபோர்னியப் பாலைவனத்திலும் அப்படித்தான், கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரிலும் அப்படித்தான்.

முதலில் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டோனர் ராக்குக்கு மூதாதையான, போதைக் கனவுபோல் ஒலிக்கிற சைக்கடெலிக் ராக் 1966, 67-இல் சான் ஃபிரான்சிஸ்கோ, டெக்சாஸ், லண்டன் என்று ஏறத்தாழ ஒரே சமயத்தில் தலையெடுத்தது. ஆல்பர்ட் ஹாஃப்மன் சுவிட்சர்லாந்தில் 1938-இல் தயாரித்து, 1943-இல் தற்செயலாக அதன் வேலையைக் கண்டுகொண்ட எல்எஸ்டி என்ற போதைப்பொருள் அந்தக் கூட்டத்தில் தாராளமாகப் புழங்கியது. 1966 அக்டோபரில் கலிஃபோர்னியா அதைத் தடை செய்தது. இதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனால் அதே ஆண்டுகளில் இன்னொரு காரியமும் நடந்தது. 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன், 1966-இல் ஃபஸ் ஃபேஸ், அடுத்து வா-வா பெடல், 1969-இல் பிக் மஃப் என்று கித்தாரின் சத்தத்தை மாற்ற, காலால் மிதிக்கிற சின்னச் சின்னப் பெட்டிகள் கடைக்கு வந்தன. போதை மனுஷன் தோன்றிய நாளிலிருந்து இருக்கிறது. ஃபஸ் பெடல் அப்போதுதான் வந்தது.

நம் நாட்டுக்கும் அந்த அலை வந்தது. ஒரு புகையிலைக் கம்பெனி சிம்லா சிகரெட்டை விற்பதற்காக 'சிம்லா பீட்' என்று பேண்டுகளுக்குப் போட்டி நடத்தி, 1970-க்கும் 71-க்கும் ஒவ்வொரு இசைத்தட்டு வெளியிட்டது. மெட்ராஸிலிருந்து போன 'தி கன்ஃப்யூஷன்ஸ்' அதில் உண்டு. இன்று அந்தத் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். பேண்டுகள் என்ன புகைத்தார்களோ, காசு கொடுத்தது வெறும் சிகரெட்.

இனி சத்தத்துக்கு வருவோம். ஸ்டோனர் ராக்கின் கனம் ஒரு தொழிற்சாலை விபத்திலிருந்து தொடங்குகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த, பின்னால் பிளாக் சாபத் பேண்டின் கித்தார்காரரான டோனி அயோமிக்கு 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர், கம்பியை அழுத்த வேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார், மெல்லிய கம்பிகளைப் போட்டார், பிறகு அவற்றையும் தளர்த்தினார். கம்பி தளர்ந்தால் சுருதி இறங்கும். பிளாக் சாபத்தின் மூன்றாவது ஆல்பத்தில், 1971-இல், பல பாட்டுகளில் கித்தார் மூன்று அரைச்சுரம் இறங்கியிருக்கிறது. சுருதியைக் கட்டையில் அளக்கிற நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால், கித்தாரின் தடித்த கம்பி வழக்கமாக நிற்பது மூன்று கட்டை. அயோமி இறக்கியது ஒன்றரைக் கட்டைக்கு. இருபது வருஷம் கழித்து கலிஃபோர்னியாவின் பாம் டெசர்ட் ஊரில் கையஸ் என்ற பேண்டில் ஜாஷ் ஹாமி அதை ஒரு கட்டைக்கே கொண்டுபோனார். கித்தாரை பேஸ் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தார். கச்சேரி கேட்டுப் பழகிய நமக்கு ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை எல்லாம் ஆண் குரலின் சொந்த வீடு. அந்த இசை முதல் தடவை கேட்டபோதே ஏதோ தெரிந்த இடத்தில் உட்கார்ந்ததுபோல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சுரங்களும் அப்படியொன்றும் அந்நியமில்லை. இந்த பேண்டுகள் வாசிக்கிற மெட்டுகளில் பெரும்பாலானவை ஐந்து சுரத்தில் சுற்றுகிறவை: சட்ஜமம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அதாவது சுத்த தன்யாசி. அங்கே ப்ளூஸ் வழியாக வந்து சேர்ந்த அளவு, இங்கே ராகம். பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரியில் வந்தது. பேண்டின் பேரையே தலைப்பாகக் கொண்ட அதன் முதல் பாட்டில் கித்தார் மூன்றே சுரம்தான் எடுக்கும்: ச, மேல் ச, அங்கிருந்து பிரதி மத்தியமம். கேட்டவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது அந்தப் பிரதி மத்தியமம்தான், சாத்தான் இல்லை.

ஃபஸ் என்கிறோமே, அது என்ன? கித்தாரின் சிக்னலை டிரான்சிஸ்டர் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றி, அலையின் தலையையும் காலையும் வெட்டிவிடுவது. வழவழப்பான அலை சதுரமாகிவிடும். அதிலிருந்து புதுப்புது மேல் சுரங்கள் கிளம்பும். ஒரு கம்பியைத் தட்டினால் கூட்டமே பாடுவதுபோல் கேட்கும், சத்தம் அணையவும் நேரமாகும். ஃபஸ் ஃபேஸைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு திருகு, ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான் சரக்கு.

அந்தச் சர்க்யூட்டின் ஃபோட்டோ நகல் ஒன்று எங்கள் கைக்கு வந்தபோது அதை எடுத்துக்கொண்டு மூஞ்சிக்கல் பக்கம் இருந்த ரேடியோ மெக்கானிக்கிடம்தான் போனோம். அண்ணன் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தார். "தம்பி, சவுண்டு கிழியுதுன்னுதான் இங்க ரிப்பேருக்கு வருவாங்க. கிழியணும்னு கேட்டு வந்த ஆளுங்க நீங்கதான்" என்றார். அதற்கு வேண்டிய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஏசி 128. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்தது, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்குள் சாதாரணமாகக் கிடக்கும். செத்த ரேடியோக்கள் நிறைந்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்து, இரண்டைப் பொறுக்கிச் சால்டர் வைத்துக் கொடுத்தார். பெட்டிக்கு, எலெக்ட்ரிக் கடையில் சுவரில் பதிக்க விற்கிற இரும்பு சுவிட்ச் பாக்ஸ். லண்டனில் செய்ததைவிட அசிங்கமாக இருந்தது, சத்தமும் அதைவிட அசிங்கம். எங்களுக்குப் பரம சந்தோஷம்.

ஜெர்மானியத்துக்கு ஒரு குணம் உண்டு, சூட்டைத் தாங்காது. சூடு ஏறினால் உள்ளே கசிவு கூடி சத்தம் திணறும். கோயம்புத்தூரில் மே மாதம் இருமுகிற அதே பெட்டி, 2,100 மீட்டர் உயரத்தில் மார்கழிக் குளிரில் கிண்ணென்று நிற்கும். ஆனால் அதே குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். ஒரு பாட்டு முடிவதற்குள் கையும் கம்பியும் சூடேறி மறுபடி இறங்கும். பெட்டிக்குக் குளிர் வேண்டும், கித்தாருக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றவர்கள் நாங்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. எர்த் சரியில்லாத பிளக்கில் மட்டமான ஆம்ப்ளிஃபயரைச் செருகினால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வருமே, அது அந்த 50-உம் அதன் இரட்டிப்பான 100-உம்தான். கித்தாரை ஒரு கட்டைக்கு இறக்கினால் தடித்த கம்பி 65 ஹெர்ட்ஸ் சொச்சத்தில் ஆதார சட்ஜமமாக நிற்கும். அதற்குக் கீழே உள்ள பஞ்சமம் 49. ஆக, கரண்டின் ரீங்காரம் இம்மியளவு ஏறிய மந்தர பஞ்சமமாக, யாரும் மீட்டாத தம்பூராபோலப் பின்னால் நின்றுகொண்டே இருக்கும். அமெரிக்காவில் கரண்ட் 60. அது அதே ஒரு கட்டைக்குக் கைசிகி நிஷாதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் நடுவில் எங்கேயோ தொங்கும், எதிலும் சேராது. பாலைவனத்துப் பையன்களுக்கு இரைச்சலாக இருந்தது, தமிழ்நாடு மின்சார வாரியத்தின் புண்ணியத்தில் எங்களுக்குச் சுருதியாக இருந்தது. ஒருத்தன் ஆம்ப்ளிஃபயரை அணைத்தால் பாட்டே மொட்டையாகிவிடும் என்பதை அனுபவத்தில் தெரிந்துகொண்டோம். கணக்கு போட்டுப் பார்த்தது வெகு காலம் கழித்து.

பாம் டெசர்ட்டில் 1980-களின் கடைசியில் சின்னப் பையன்கள் வாசிக்க கிளப் கிடையாது. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, வண்டியில் ஏற்றி, ஊருக்கு வெளியே மணற்பள்ளத்தாக்கில் வைத்து வாசித்தார்கள். விளம்பரம் கிடையாது, வாய்ச்சொல்தான். 'ஜெனரேட்டர் பார்ட்டி' என்று பேர். வெட்டவெளியில் சுவர் இல்லை, சத்தம் திரும்பி வராது, காற்று தின்றுவிடும். அதனால் கனமான, தடித்த சத்தம் தேவைப்பட்டது. கையஸின் இரண்டாவது ஆல்பம் 1992-இல் வந்து உலகத்துக்கு அந்தச் சத்தம் தெரிந்தது. 1995-இல் பேண்டு கலைந்தும் போனது.

கொடைக்கானலில் கிளப் இல்லாதது மட்டும் இல்லை, கித்தார் ஆம்ப்ளிஃபயரே அபூர்வம். இருந்தது மைக்செட். அகுஜா ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், ஒரு ஜோடி பாக்ஸ், கூடவே மண்ணெண்ணெய் வாசனையடிக்கிற சின்ன ஜெனரேட்டர். குழாயில் கீழ்ச் சத்தம் ஏறாது. 'ஹலோ மைக் டெஸ்டிங்' மட்டும் பிரமாதமாக வரும். ஆகவே பாக்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் சலேத் மாதா திருவிழா, டிசம்பரில் கிறிஸ்துமஸ், நடுவில் அம்மன் கோயில்கள், கல்யாணங்கள் எல்லாம் போக, மைக்செட்காரருக்கு வேலையில்லாத மழை நாட்கள்தான் எங்களுக்கு சீசன். ஏப்ரல், மே மாதத்தில் டூரிஸ்ட்டுகள் வந்து நிறையும்போது மலையில் ராக் கிடையாது. தலைமறைவு இசை என்று பின்னால் பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அது ஆஃப்-சீசன் வாடகை.

இடமும் அப்படிக் கிடைத்ததுதான். பூம்பாறை ரோட்டில் ஒரு உருளைக்கிழங்கு குடோன், நாயுடுபுரம் பக்கம் கட்டி முடிக்காமல் நின்றுபோன ஒரு லாட்ஜ். தகரக் கூரை, சிமென்ட் தரை, நான்கு பக்கமும் வெறும் சுவர். முதலில் எல்லாரையும் போல வேகமான மெட்டல்தான் வாசித்துப் பார்த்தோம். எதிரொலி அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து விழுந்து மொத்தமும் கூழாகிவிட்டது. மெதுவாக வாசித்தால் ஒவ்வொரு அடியும் கூரையைத் தொட்டுத் திரும்பி வந்து, அடுத்த அடிக்கு இடம் விட்டது. கஞ்சா அடித்ததால் மெதுவாக வாசித்தார்கள் என்பவர்களிடம் அந்தக் குடோனில் ஒரு தடவை கை தட்டிப் பார்க்கச் சொல்வேன்.

யார் வாசித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1901-இல் தொடங்கிய இண்டர்நேஷனல் ஸ்கூல் இருப்பதால் கொடைக்கானலுக்கு மேற்கத்திய இசை புதிதில்லை. லீவு முடிந்து வருகிற பிள்ளைகள் கேசட் கொண்டுவருவார்கள், முதுகுப்பை தூக்கி வந்த வெள்ளைக்காரர்கள் விட்டுப்போவார்கள். அந்தக் கேசட்டுகள் டீக்கடை, டாக்ஸி ஸ்டாண்டு வழியாக ஆனந்தகிரிக்கும் பாம்பார்புரத்துக்கும் வந்து சேரும். ஆனால் டிரம்ஸிலும் கித்தாரிலும் கை பழகியது சர்ச்சில். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடகர் குழுவில் வாசித்த கைதான் ராத்திரி குடோனிலும் வாசித்தது. டாக்ஸி ஓட்டுகிறவன், ஏரிக்கரையில் குதிரை பிடிக்கிறவன், பூண்டு மூட்டை ஏற்றுகிறவன் என்று கலந்திருந்தோம். நான் பேஸ் கித்தார். வட்டக்கானலில் வெறும் காலோடு நடந்து ஞானம் தேடிய கூட்டத்துக்கும் எங்களுக்கும் பெரிய ஒட்டுறவு இல்லை. அவர்களுக்கு மலை என்பது ஓய்வு. எங்களுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டுக்குத் திரும்பும் வழியில் காட்டுமாடு நிற்கிற இடம்.

கேசட் எங்கள் காதையே மாற்றியது. ஒரு நாடாவிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கும்போது மேல் சத்தம் கொஞ்சம் தேயும், இரைச்சல் கொஞ்சம் கூடும். நகலின் நகலின் நகல் எங்களிடம் வரும்போது டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் எல்லாம் மங்கி, அடிச்சத்தம் மட்டும் சேறாக மிஞ்சியிருக்கும். அதுதான் அசல் என்று நினைத்து அந்தச் சேற்றைத்தான் வாசிக்கக் கற்றோம். பல வருஷம் கழித்து அதே ஆல்பங்களை சிடியில் கேட்டபோது இவ்வளவு பளிச்சென்று இருக்கிறதே என்று கொஞ்சம் ஏமாற்றம்கூட வந்தது. கேசட்டில் பாட்டைத் தாண்டிப் போவதும் சிரமம், 45 நிமிஷம் ஒரு பக்கம் ஓடியே தீரும். கையஸின் 1994 ஆல்பத்தின் சிடியில் பாட்டுகளை மூன்று பெரும் துண்டுகளாகக் கோத்துவிட்டார்கள், ஒரு பாட்டை மட்டும் தேர்ந்து கேட்க முடியாது. ஸ்லீப் என்ற பேண்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற ஒரே பாட்டைப் பதிவு செய்தது. லண்டன் ரெகார்ட்ஸ் அதை வெளியிடவில்லை, பேண்டும் உடைந்தது. பிறகு 1999-இல் ஒரு வடிவமும் 2003-இல் இன்னொரு வடிவமும் வேறு கம்பெனிகள் மூலம் வந்தன. ஒரு மெட்டை ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டு நிற்பது அவர்களுக்குப் புரட்சி. ராத்திரி முழுக்கக் கோயில் வீதியில் நாகஸ்வரம் கேட்ட ஊர்க்காரனுக்கு அதிலென்ன அதிசயம்? நீலகிரியில் கோத்தர் பழங்குடியினர் வாசிக்கிற 'கொள்' குழலிலும் மூச்சு விடாமல் சுரம் நீண்டுகொண்டே போகும். இத்தனைக்கும் இரண்டு மலையிலும் ராக் வாசித்த எங்கள் தலைமுறையில் அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு.

சரி, போதை இல்லவே இல்லையா? இருந்தது. புகைத்தவர்கள் இருந்தார்கள், காளான் தேடிப் போனவர்களும் உண்டு. 1985 போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாப் பூவும் வருகிறது, அந்தக் காளானில் இருக்கிற சைலோசைபினும் வருகிறது. விஷக் காளானைத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களையும், மனசு கலங்கித் திரும்பி வரவே வராதவர்களையும் மலையில் எல்லாருக்கும் தெரியும். அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. இசைக்கு அதனால் என்ன லாபம் என்று கேட்டால், என் அனுபவத்தில் நஷ்டம்தான். புகைத்துவிட்டு வந்த டிரம்மர் மெதுவாக வாசிக்கவில்லை, சீரில்லாமல் வாசித்தான். மெதுவான தாளத்தைப் பிடித்து நிற்பது வேகத்தைவிடக் கஷ்டம். இரண்டு அடிக்கு நடுவில் உள்ள காலி இடம் பெரிது, தவறுவதற்கு அங்கே வசதி அதிகம். விளம்ப காலத்தில் பல்லவி பாடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இது எப்போது நின்றது என்று ஒரு தேதி சொல்ல முடியாது. 1993-இல் அலகாபாத்தில் தொடங்கிய ராக் பத்திரிகையான ராக் ஸ்ட்ரீட் ஜர்னலின் பழைய இதழ்கள் கை மாறி வரும், நாமும் ஒரு நாள் அதில் வருவோம் என்று பேசிக்கொள்வோம். யாரும் வரவில்லை. கல்யாணம், டாக்ஸி லோன், திருப்பூர் வேலை என்று ஆளுக்கொரு பக்கம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஸ்பீக்கரை நிறுத்தின. அது சரியான விதி என்பதே என் எண்ணம், காட்டுக்குப் பக்கத்தில் அவ்வளவு சத்தம் கூடாது. பிறகு லேப்டாப்பும் டிஜேயும் வந்து காட்டுக்குள் டிரான்ஸ் பார்ட்டிகள் கிளம்பின. 2020 பிப்ரவரியில் குண்டுப்பட்டிப் பக்கம் போலீஸ் புகுந்து இளைஞர்களைக் கூட்டமாகப் பிடித்த செய்தி எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதற்கப்புறம் மலையில் 'இசை நிகழ்ச்சி' என்றாலே லாட்ஜ்காரர்கள் பின்வாங்குகிறார்கள். ஸ்டோனர் ராக் என்ற பேரோடு ஊரறிய வாசித்தது பெங்களூர்தான். அங்கே பேவர் சீ என்ற பேண்டு 2012-இல் முதல் ஆல்பம் போட்டது. மலையில் சுருதி இறக்கிய கித்தார்களில் ஒன்றிரண்டு அந்த ஊருக்குப் பிழைக்கப் போய்ச் சேர்ந்தன.

கோடை பண்பலை 100.5 இந்த மலை உச்சியிலிருந்து சமவெளியில் எத்தனையோ மாவட்டங்களுக்குப் பாட்டு அனுப்புகிறது. அதே மலையில் நாங்கள் வாசித்தது அடுத்த கொண்டை ஊசி வளைவுக்கே எட்டியதில்லை. ஆல்பம் கிடையாது, போஸ்டர் கிடையாது, மிஞ்சியது சில கேசட்டுகள். பூஞ்சைக்குப் பேர்போன ஊரில் அவற்றையும் பூஞ்சைதான் தின்றது. ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படியே டெக்கில் போட்டால் டெக்கும் கெடும். டப்பாவைத் திறந்து, நாடாவைப் பஞ்சால் துடைத்து, புது டப்பாவுக்கு மாற்றி, ஓட விடும்போதே கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது வாய்ப்பு பல சமயம் இருக்காது.

பதிவுகளில் ஒரு வேடிக்கை. எல்லாப் பாட்டும் நாடாவின் கடைசிக்கு வரும்போது வேகமெடுத்து, கட்டையும் ஏறுகிறது. நாங்கள் உற்சாகமாகிவிட்டதால் இல்லை. டேப் ரெகார்டரின் பேட்டரி இறங்க இறங்க நாடா மெதுவாக ஓடியிருக்கிறது, இன்று சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் துள்ளுகிறது. இதைச் சரிசெய்ய அந்த ரீங்காரமே அளவுகோலாகிறது. கம்ப்யூட்டரில் அது 56 என்று காட்டினால் 50-க்கு இழுத்துவிட்டால் போதும், பாட்டும் தன் வேகத்துக்கு வந்துவிடும். லைன் கரண்டில் வாசித்த நாடாக்களுக்கு இது பிசகுவதில்லை. ஜெனரேட்டரில் வாசித்தவற்றுக்கு மட்டும் கொஞ்சம் தட்டும், லோடு ஏறும்போது எஞ்சினே தளர்ந்து 48, 47 என்று இறங்கியிருக்கும். பழைய டிரம்மரும் நானும் இப்போது அந்த நாடாக்களைத்தான் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். எந்த இடத்தில் தான் இழுத்தான், எந்த இடத்தில் ஜெனரேட்டர் இழுத்தது என்பதில் அவன் தரப்பில் சொல்ல நிறைய இருக்கிறது.